எல்லாவற்றையும் ஈவென்ட் ஆக்கச் சொல்லும் ஆர்க்கிடெக்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆர்க்கிடெக்ட்களுக்கும் தலைமைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். "இனிமேல் எந்த சர்வீஸும் இன்னொரு சர்வீஸை நேரடியாகக் கூப்பிடக் கூடாது, எல்லாம் ஈவென்ட் வழியாகத்தான் போக வேண்டும்." இப்படி ஓர் உத்தரவு உங்களில் பலரிடமிருந்து வருகிறது. அதாவது, பெரிய மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளான சர்வீஸ்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் வாங்காமல், நடந்ததை ஈவென்ட் என்ற அறிவிப்பாக ஒரு பொது இடத்தில் போட, வேண்டியவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். கூடவே ஒரு படமும் வரும். நடுவில் நீளமாக ஒரு செவ்வகம், அதில் காஃப்கா என்று, ஈவென்ட்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் மென்பொருளின் பெயர் எழுதியிருக்கும். மேலும் கீழுமாகச் சின்னப் பெட்டிகள். எல்லா அம்புகளும் அந்தச் செவ்வகத்துக்குள் போய் வெளியே வரும். படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அது ஓடத் தொடங்கிய பிறகு, நள்ளிரவில் அலாரம் அடித்தால் எழுந்து மடிக்கணினியைத் திறக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈவென்ட் வழிக் கட்டமைப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சில வேலைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. என் வழக்கு வேறு. எந்த வேலைக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாக உத்தரவு போடுகிறீர்கள். அதோடு வந்து சேரும் கூடுதல் வேலைகளுக்கு ஆளும் ஒதுக்குவதில்லை, நேரமும் ஒதுக்குவதில்லை.

பேச வசதியாக ஓர் இருக்கை முன்பதிவு அமைப்பை எடுத்துக்கொள்வோம். பயணி இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறார், பணம் கட்டுகிறார், டிக்கெட் வருகிறது. அதன் பிறகு குறுஞ்செய்தி போக வேண்டும், மின்னஞ்சல் போக வேண்டும், கணக்கில் வரவு ஏற வேண்டும், பயணியின் சலுகைப் புள்ளிகள் கூட வேண்டும், புள்ளிவிவரக் குழுவுக்கும் தகவல் சேர வேண்டும். பழைய பாணியில் முன்பதிவு சர்வீஸ் இந்த ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடும். ஐந்தில் ஒன்று படுத்துக்கொண்டாலும் பயணிக்கு டிக்கெட் இல்லை. ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் ஒழுங்காக ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்தும் சேர்ந்து ஓடும் நேரம் சுமார் 99.5 சதவீதமாக இறங்கிவிடும். 30 நாள் மாதத்தில் ஒரு சர்வீஸுக்கு 43 நிமிடமாக இருந்த தடங்கல், ஐந்துக்குமாகச் சேர்ந்து மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. சலுகைப் புள்ளி சர்வீஸ் விழுந்த காரணத்தால் ஒருவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை எந்தப் பயணியிடம் சொல்லிப் புரியவைப்பது?

இந்த இடத்துக்கு ஈவென்ட் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. முன்பதிவு சர்வீஸ் "முன்பதிவு உறுதியானது" என்று ஒரு ஈவென்ட்டைப் புரோக்கரிடம் (காஃப்கா மாதிரி நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் மென்பொருள்) போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். புள்ளி சர்வீஸ் ஒரு மணி நேரம் விழுந்து கிடந்தாலும், எழுந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படித்து முடித்துவிடும். நாளைக்கு மோசடியைக் கண்டுபிடிக்கும் குழு ஒன்று புதிதாக வந்தால், முன்பதிவுக் குழுவிடம் போய் புரோகிராமை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. அதே டாபிக்கை, அதாவது ஒரு வகை ஈவென்ட்கள் சேரும் தொகுப்பை, அவர்களும் படித்தால் போதும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் காஃப்கா பிறந்ததும் இப்படி ஒரு தேவைக்குத்தான்: பல இடங்களில் உருவாகும் தரவைப் பல அமைப்புகளுக்குக் கொண்டுசேர்ப்பது. 2011-இல் அது ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. படித்ததும் செய்தியை அழித்துவிடாமல் லாக்காகவே, அதாவது வந்த வரிசையில் எழுதிய பதிவேடாகவே, வைத்திருக்கும். எதுவரை படித்தோம் என்பதை ஒவ்வொரு கன்ஸ்யூமர் குழுவும் (கன்ஸ்யூமர் என்பது ஈவென்ட்டைப் படிக்கும் புரோகிராம்) தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். அதனால்தான் பழைய ஈவென்ட்களைத் திரும்பப் படிக்க முடிகிறது. கணக்கு சர்வீஸில் ஒரு பிழை இருந்து, அதைத் திருத்திய பிறகு நேற்றைய ஈவென்ட்களை மறுபடி ஓட்டிக் கணக்கை நேர்செய்யலாம். நேரடி அழைப்பு முறையில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இந்த வசதியைக் கூட்டத்தில் விவரிக்கும்போது ஒரு சின்ன எண்ணை விட்டுவிடுகிறீர்கள். யாரும் மாற்றாவிட்டால் காஃப்காவில் ஈவென்ட்கள் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள் வரைக்கும்தான் உத்தரவாதம். பிழை பத்தாவது நாள் தெரியவந்தால், முதல் நாட்களின் ஈவென்ட்கள் மறுபடி ஓட்ட மிச்சம் இருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்கு சர்வீஸை ஓட்டுவதாக நினைத்துக் குறுஞ்செய்தி சர்வீஸை யாராவது பழைய இடத்திலிருந்து ஓட்டிவிட்டால், பயணம் முடித்து வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்கெல்லாம் "உங்கள் இருக்கை உறுதி" என்று மறுபடி போகும். எந்த கன்ஸ்யூமரைத் திரும்ப ஓட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று வடிவமைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்த ஆவணங்களில் அப்படி ஒரு பத்தி இருந்ததில்லை.

நெரிசலை, ஈவென்ட்கள் காத்திருக்கும் வரிசையான க்யூ தாங்கும் என்கிறீர்கள். தாங்கும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பதிவு திறந்த முதல் பத்து நிமிடத்தில் நொடிக்கு 1,000 ஈவென்ட் வருகிறது, கணக்கு சர்வீஸால் நொடிக்கு 600 தான் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 400 வீதம் பத்து நிமிடத்தில் 2,40,000 ஈவென்ட் தேங்கிவிடும். அப்புறம் கூட்டம் குறைந்து நொடிக்கு 500 ஆனாலும், தேக்கம் கரைவது நொடிக்கு 100 வீதம்தான். முழுசாகக் கரைய இன்னும் 40 நிமிடம் ஆகும். கணக்கில் வரவு 40 நிமிடம் தாமதமாக ஏறினால் யாருக்கும் நஷ்டமில்லை. இதே தாமதம் "நடைமேடை மாறிவிட்டது" என்ற குறுஞ்செய்திக்கு வந்தால், வண்டி கிளம்பிய பிறகுதான் பயணிக்குச் செய்தி கிடைக்கும். காத்திருக்க இடம் தருவதோடு க்யூவின் வேலை முடிந்துவிடுகிறது. அது யாருடைய வேகத்தையும் கூட்டுவதில்லை. சராசரி வரத்தே சராசரி வேகத்தைவிட அதிகமாக இருந்தால் தேக்கம் ஒருநாளும் கரையாது. நேரடி அழைப்பாக இருந்தால் எரர் வந்து உடனே தெரிந்திருக்கும். இங்கே திரை பச்சையாகவே இருக்கும், கன்ஸ்யூமர் லேக், அதாவது படிக்காமல் பாக்கி நிற்கும் ஈவென்ட்களின் எண்ணிக்கை, மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். லேக்குக்கு அலாரம் வைக்காமல் புரொடக்ஷனுக்கு (நிஜப் பயன்பாட்டுக்கு) போன அமைப்புகளில் வேலை பார்த்திருக்கிறேன். முதல் அலாரம் வாடிக்கையாளரின் புகார்தான்.

சரி, எதற்குப் பொருந்தாது? இருக்கை காலியாக இருக்கிறதா, பணம் எடுக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பயணி திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். இதையும் ஈவென்ட் ஆக்கச் சொன்னால் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? "இருக்கை கேட்கப்பட்டது" என்று ஒரு டாபிக்கில் போடுகிறோம். பதிலுக்கு இன்னொரு டாபிக். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பொருத்த ஓர் அடையாள எண். பதில் எந்த சர்வருக்கு வரும் என்று தெரியாததால் நடுவில் ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பில் ஒரு பதிவு. பதில் வராவிட்டால் கைவிட ஒரு டைம்அவுட். கைவிட்ட பிறகு தாமதமாக வந்து சேரும் பதிலை என்ன செய்வது என்று ஒரு தனிக் கூட்டம். நேரடி அழைப்புக்கான எச்டிடிபி ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை மெதுவாகவும் சிக்கலாகவும் திரும்பச் செய்து முடிக்கிறோம். என் அளவுகோல் எளிது. பதில் தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது என்றால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நடந்ததைச் சொன்னால் போதும், யார் எப்போது படித்தாலும் சரி என்றால் ஈவென்ட் போடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. "குறுஞ்செய்தி அனுப்பு" என்ற பெயரில் ஒரு ஈவென்ட் இருக்கும். அனுப்புகிறவருக்கு யார் அதை எடுக்க வேண்டும் என்று தெரியும், எடுக்காவிட்டால் கோபமும் வரும். அது கட்டளை. க்யூவில் தாராளமாகப் போடலாம், தப்பே இல்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது கட்டளைக்கு வேறு, அறிவிப்புக்கு வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டால் கோளாறு வரும் நாளில் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள்.

நீங்கள் அதிகம் சொல்லும் வாக்கியத்துக்கு வருகிறேன்: "ஈவென்ட் போட்டால் சர்வீஸ்களுக்குள் ஒட்டுறவே இருக்காது." புரோகிராமில் இருக்காது, இறக்குமதிப் பட்டியலில் இன்னொரு சர்வீஸின் பெயர் வராது. ஒட்டுறவு ஈவென்ட்டின் உள்ளடக்கத்துக்குள் குடியேறிவிடும், கண்ணுக்குத் தெரியாமல். ஓர் உதாரணம். ஈவென்ட்டில் "கட்டணம்" என்று ஒரு புலம் இருக்கிறது. இதுவரை வரியும் சேர்ந்த தொகை. விலைக் குழு ஒரு நாள் வரியைத் தனிப் புலமாகப் பிரித்துவிட்டு, "கட்டணம்" புலத்தில் வரி நீங்கலான தொகையைப் போட ஆரம்பிக்கிறது. ஈவென்ட்டின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி இதைத் தடுக்குமா? தடுக்காது. பெயர் அதே, வகை அதே, புதிய புலத்துக்கு இயல்பு மதிப்பும் கொடுத்தாயிற்று. பொருந்துகிறது என்று அனுமதித்துவிடும். பொருள் மாறியது எந்தக் கருவிக்கும் தெரியாது. எந்த சர்வீஸும் விழவில்லை, எந்த எரரும் இல்லை. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு வந்து ஏன் வரவு குறைகிறது என்று கேட்கும். நேரடி அழைப்பாக இருந்தால் யார் யார் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியலாவது இருந்திருக்கும்; அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். டாபிக்கை யார் படிக்கிறார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாமல் இருப்பதைத்தானே நாம் வசதி என்று கொண்டாடினோம். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் நாளில் அது வசதிதான். ஒரு புலத்தை மாற்றும் நாளில், அல்லது டாபிக்கையே மூடும் நாளில், அதே வசதி கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது ஒரே ஈவென்ட் இரண்டு முறை வருவது. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டிங்கில் "ரொம்ப அபூர்வம்" என்று ஒற்றை வார்த்தையில் தாண்டிப் போகிறார்கள். காஃப்காவின் ஜாவா கன்ஸ்யூமர், அமைப்பை யாரும் மாற்றாவிட்டால், ஒரு தடவைக்கு 500 ஈவென்ட் வரை அள்ளிக்கொடுக்கும். அவற்றை முடித்துவிட்டு 5 நிமிடத்துக்குள் மறுபடி வந்து கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், ஆள் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி அந்த கன்ஸ்யூமரைக் குழுவிலிருந்து கழற்றி, அதன் பார்ட்டிஷனை, அதாவது டாபிக்கில் அதற்கு ஒதுக்கிய பங்கை, வேறொருவரிடம் கொடுத்துவிடும். இப்போது குறுஞ்செய்தி அனுப்பும் வெளி நிறுவனம் ஒரு நாள் கொஞ்சம் மெதுவாகிறது. ஒரு செய்திக்கு 0.7 நொடி. பெரிய தாமதமே இல்லை, எந்த டைம்அவுட்டும் அடிக்காது. ஆனால் 500 செய்திக்கு 350 நொடி. 5 நிமிடம் என்பது 300 நொடி. 430-ஆவது செய்தி வாக்கில் கெடு முடிந்துவிடும். படித்து முடித்ததாகக் குறித்துக்கொள்வதற்குள் கன்ஸ்யூமர் கழற்றப்படுகிறது. அடுத்தவர் அதே 500-ஐ முதலிலிருந்து எடுக்கிறார். அவருக்கும் 350 நொடி. அவரும் கழற்றப்படுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் அதே பயணிகளுக்கு அதே குறுஞ்செய்தி. கன்ஸ்யூமரின் செயல்பாட்டு லாக்கில் எரர் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கெடு முடிந்ததாக ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எங்கோ நடுவில் கிடக்கும். எல்லா கன்ஸ்யூமரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும், லேக் ஒரு அங்குலமும் குறையாது. இது அபூர்வம் இல்லை. மெதுவான வெளிச் சேவை ஒன்றும் மாற்றாத அமைப்பும் இருந்தால் போதும், நடந்தே தீரும்.

"அதான் எக்ஸாக்ட்லி ஒன்ஸ் இருக்கிறதே" என்பீர்கள். ஒவ்வொரு ஈவென்ட்டின் விளைவும் ஒரே முறைதான் என்ற உத்தரவாதம் அது. 2017-இல் காஃப்காவின் 0.11 பதிப்போடு வந்தது, நல்ல வேலைப்பாடும்கூட. ஆனால் அது காப்பது காஃப்காவிலிருந்து படித்து, கணக்கிட்டு, காஃப்காவுக்கே எழுதும் பாதையை. குறுஞ்செய்தி நிறுவனத்துக்கோ வங்கிக்கோ போன அழைப்பை அதனால் திரும்பப் பெற முடியாது. அமேசானின் எஸ்கியூஎஸ் சாதாரண க்யூவும் குறைந்தது ஒரு முறை கொடுப்பேன் என்றுதான் சொல்கிறது. ஒரே முறைதான் என்று சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கன்ஸ்யூமரும், இந்த ஈவென்ட்டை ஏற்கெனவே பார்த்தோமா என்று தானே சரிபார்க்க வேண்டும். செய்து முடித்த ஈவென்ட் எண்களை ஒரு டேபிளில் வைத்து, வேலையும் அந்தப் பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது) போக வேண்டும். வெளிச் சேவை என்றால் அவர்களிடமும் அதே எண்ணைக் கொடுத்து, இரண்டாவது முறை வந்தால் விட்டுவிடச் சொல்ல வேண்டும். இதெல்லாம் வேலை. எஸ்டிமேஷனில் இதற்கு நாள் போட்டால் "இதெல்லாம் ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்" என்று வெட்டுகிறவர்களும் நீங்கள்தான்.

எழுதும் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பதிவு சர்வீஸ் முதலில் டேட்டாபேஸில் பதிவு போடுகிறது, பிறகு ஈவென்ட் அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால்? இருக்கை பதிவாகிவிட்டது, உலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. சரி, முதலில் ஈவென்ட் அனுப்பலாமா? அப்படியானால் பதிவாகாத இருக்கைக்கு டிக்கெட் குறுஞ்செய்தி போகும். வரிசையை எப்படி மாற்றினாலும் ஓட்டை இடம் மாறுமே தவிர அடைபடாது. தெரிந்த வழி அவுட்பாக்ஸ்: அனுப்ப வேண்டிய ஈவென்ட்டையும் அதே டேட்டாபேஸில் ஒரு டேபிளில், அதே டிரான்ஸாக்ஷனில் எழுதிவிடுவது, பிறகு தனியாக ஒரு புரோகிராம் அதைப் படித்துப் புரோக்கருக்கு அனுப்புவது. டெபீசியம் போன்ற கருவிகள் டேட்டாபேஸின் சொந்த லாக்கையே படித்து இதைச் செய்கின்றன. அந்த லாக்கைக் கவனிக்காமல் விட்டால் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் டிஸ்க் நிரம்பும் என்பது அடுத்த பாடம். டெபீசியம் நின்றுபோனாலும், அது இன்னும் படிக்கவில்லை என்பதால் பழைய லாக்கை போஸ்ட்கிரஸ் விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஈவென்ட் அனுப்பும் பாதை தடைப்பட்டு, கடைசியில் டேட்டாபேஸே எழுத முடியாமல் நிற்கும்.

வரிசை முறையைப் பற்றிச் சுருக்கமாக. காஃப்கா வரிசையைக் காப்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும். முன்பதிவு எண்ணையே கீயாக வைத்தால் ஒரு முன்பதிவின் ஈவென்ட்கள் எல்லாம் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும், நல்லது. வேகம் போதவில்லை என்று ஒரு நாள் பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டுவீர்கள். கீயை ஹாஷ் செய்து (ஓர் எண்ணாக மாற்றி), பார்ட்டிஷன் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியை வைத்துத்தான் பார்ட்டிஷன் தீர்மானமாகிறது. எண்ணிக்கை மாறியதும் அதே கீ வேறு பார்ட்டிஷனுக்குப் போகத் தொடங்கும். பழைய பார்ட்டிஷனில் "உறுதியானது" இன்னும் தேங்கிக் கிடக்க, புதியதில் விழுந்த "ரத்தானது" முந்திக்கொள்ளும். ரத்து செய்த இருக்கை மறுபடி உயிர் பெறும். சர்வர் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். வெவ்வேறு இயந்திரங்களின் கடிகாரங்களை நம்பாமல் எது முன், எது பின் என்று சொல்வது எப்படி என்பதைக் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். எளிய தீர்வு, ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு பதிப்பு எண். கன்ஸ்யூமர் தன்னிடம் இருப்பதைவிடப் பழைய எண் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

டெட் லெட்டர் க்யூ என்று ஒன்றைப் படத்தின் ஓரத்தில் வரைகிறீர்கள். எத்தனை முறை முயன்றும் முடிக்க முடியாத ஈவென்ட்கள் போய்ச் சேரும் இடம். நல்ல ஏற்பாடுதான், ஒரு கெட்ட ஈவென்ட் பின்னால் வரும் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நிற்காமல் இருக்க அது வேண்டும். அங்கே போய் விழுந்தவற்றை யார் பார்ப்பது? எழுதிய குழு "எங்கள் ஈவென்ட் சரியாகத்தான் போனது" என்கிறது. படிக்கும் குழு "அவர்கள் தப்பான தரவு அனுப்பினார்கள்" என்கிறது. பிளாட்ஃபார்ம் குழு "க்யூ ஓடுகிறது, அதுதான் எங்கள் பொறுப்பு" என்கிறது. எஸ்கியூஎஸ் என்றால் யாரும் மாற்றாவிட்டால் நான்கு நாளில் அது தானாக அழிந்தும்விடும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய டிக்கெட், யாரோ ஒருவருடைய பணம்.

பணம் என்றதும் ரீஃபண்ட். பல சர்வீஸ்களைக் கடந்து போகும் ஒரு வேலை நடுவில் முறிந்தால், முடிந்த அடிகளைத் தலைகீழாக ஈடுசெய்துகொண்டு வர வேண்டும். இதற்கு சாகா என்று பெயர். ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அங்கே பேச்சு நீண்ட நேரம் ஓடும் டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷன்களைப் பற்றி. நம் உலகத்தில் ஈடுசெய்வது அவ்வளவு சுத்தமாக நடக்காது. பணத்தைத் திருப்பித் தரலாம். போன குறுஞ்செய்தியைத் திரும்ப வாங்க முடியாது, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பத்தான் முடியும். இதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பணம் சம்பந்தப்பட்ட ஓட்டத்தை, ஒரு ஈவென்ட்டைக் கேட்டு இன்னொன்று கிளம்பி அதைக் கேட்டு மற்றொன்று கிளம்பும் நடனமாக விடாதீர்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து, எந்த முன்பதிவு எந்த அடியில் நிற்கிறது என்று ஒரு டேபிளில் எழுதிக்கொண்டே வரட்டும். வாடிக்கையாளர் சேவையிலிருந்து "இவருடைய பணம் இப்போது எங்கே?" என்று கேட்டால், ஒரு வரி குவெரியில் பதில் கிடைக்க வேண்டும். ஏழு சர்வீஸின் லாக்கை ஒட்டவைத்துப் படித்துச் சொல்லும் நிலை இருக்கக் கூடாது.

லாக் என்றதும் டிரேசிங், அதாவது ஒரு வேலை எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்று பின்தொடர்வது. இதற்கு இன்று சாக்குச் சொல்ல இடமில்லை. டிரேஸ் அடையாளத்தைச் சுமந்து போகும் முறைக்கு இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் தரமே 2020-இல் வந்துவிட்டது, அதைச் சேகரிக்க ஓப்பன்டெலிமெட்ரி இருக்கிறது, ஈவென்ட் உறைக்கு கிளவுட்ஈவென்ட்ஸ் 1.0 வரையறை 2019-லேயே வந்தாயிற்று. முதல் நாளே எல்லா ஈவென்ட்டிலும் அந்த அடையாளம் கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் அது ஒருபோதும் சேராது.

ஈவென்ட் சோர்சிங்கையும் (ஈவென்ட் லாக்கையே மூலப் பதிவாக வைத்துக்கொள்வது) கூடவே கொண்டுவருவோம் என்ற யோசனைக்கு ஒரே ஒரு கேள்வி. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம், தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது. அழிக்கவே முடியாத லாக்தான் உங்கள் மூலப் பதிவு என்றால், பயணி அழிக்கச் சொல்லும் நாளில் என்ன செய்வீர்கள்? ஒவ்வொருவர் தரவையும் தனிச் சாவியால் பூட்டி, சாவியை அழிப்பது ஒரு வழி. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நடுச் செவ்வகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வீஸ்கள் ஒன்றையொன்று நம்பியிருப்பதைக் குறைக்கிறோம் என்று எல்லாரையும் ஒரே புரோக்கரை நம்ப வைக்கிறோம். 2020 நவம்பர் 25 அன்று ஈவென்ட் ஓட்டத்தைக் கையாளும் அமேசானின் கினசிஸ் சேவை அமெரிக்காவின் கிழக்கு மண்டலத்தில் தடுமாறியது. முன்வரிசை சர்வர் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேச ஆளுக்கொரு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) வைத்திருந்தது. புதிய சர்வர்களைச் சேர்த்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அனுமதிக்கும் த்ரெட் எண்ணிக்கை தாண்டிப்போனது. கினசிஸை நம்பியிருந்த அமேசானின் மற்ற சேவைகளான காக்னிட்டோவும் கிளவுட்வாட்ச்சும் கூடச் சேர்ந்து தள்ளாடின. உலகின் பெரிய கிளவுட் நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. புரோக்கர் கிடைக்காத அரை மணி நேரத்தில் முன்பதிவு ஓடுமா, நிற்குமா என்ற கேள்விக்கு உங்கள் ஆவணத்தில் விடை இருக்க வேண்டும். அவுட்பாக்ஸ் இருந்தால் ஓடும். இல்லையென்றால் பெரும்பாலும் நிற்கும்.

சின்னக் குழுக்களுக்காகவும் கேட்கிறேன். நான்கைந்து பேர், ஒரு டேட்டாபேஸ், நிமிடத்துக்குச் சில நூறு வேலைகள் என்றால் காஃப்கா கிளஸ்டர் எதற்கு? போஸ்ட்கிரஸில் ஒரு டேபிளே க்யூவாக இருக்கலாம். 2016 தொடக்கத்தில் வந்த 9.5 பதிப்பிலிருந்து, வேறொருவர் பூட்டி வைத்த வரியைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. முன்பதிவும் அதன் க்யூ பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷனில் போய்விடும், மேலே சொன்ன பள்ளமே இல்லை. ரெஸ்யூமேயில் போட அழகாக இருக்காது, அது உண்மைதான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒட்டுமொத்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, இங்கே யாராவது பதிலுக்குக் காத்திருக்கிறாரா, எவ்வளவு தாமதம் தாங்கும், இரண்டு முறை நடந்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு ஈவென்ட்டா, நேரடி அழைப்பா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். ஈவென்ட் என்று முடிவானால் அவுட்பாக்ஸ், இரட்டிப்புச் சரிபார்ப்பு, லேக் அலாரம், டிரேஸ் அடையாளம் ஆகியவற்றுக்கான நாட்களை முதல் எஸ்டிமேஷனிலேயே சேருங்கள். இரண்டாம் கட்டம் என்று தள்ளாதீர்கள், இரண்டாம் கட்டம் வருவதே இல்லை. டாபிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும்: எழுதுவது யார், படிப்பவர்கள் யார் யார், ஒவ்வொரு புலத்துக்கும் சாதாரண வார்த்தையில் பொருள் என்ன, எத்தனை நாள் இருக்கும், திரும்ப ஓட்டலாமா கூடாதா. புதிதாகப் படிக்க வருகிறவர் அதில் தன் குழுவின் பெயரை எழுதிவிட்டுத்தான் அனுமதி வாங்க வேண்டும். கொஞ்சம் பழைய காலத்து அலுவலகம் மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும்.

அந்தக் குறிப்பில் டெட் லெட்டர் க்யூவுக்குப் பொறுப்பான குழு என்று ஒரு கட்டமும் வையுங்கள். அது காலியாக இருக்கும்வரை அந்த டாபிக் புரொடக்ஷனுக்குப் போக அனுமதி தராதீர்கள். அடுத்த வடிவமைப்புக் கூட்டத்துக்கு ஆன்-கால் பட்டியலில், அதாவது அலாரம் அடித்தால் எழ வேண்டியவர்களின் பட்டியலில், இருப்பவர்களில் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், படம் வரைந்து முடித்த பிறகு இல்லை, வரைவதற்கு முன்னால். அமைப்பு ஓடத் தொடங்கும் முதல் மூன்று மாதம், அதை வடிவமைத்தவர்களின் பெயரும் அதே பட்டியலில் சுழற்சியில் வரட்டும்.

இப்படிக்கு,
ஆன்-கால் பட்டியலில் இருக்கும் ஒரு பொறியாளர்